யார் சொல் மேலே போகிறது?

எங்கள் தொண்டு நிறுவனத்தில், மக்கள் உரிமைக்காகப் பேசுகிற அட்வகசித் தலைவர் பதவிக்கு நேர்காணலுக்கு வருகிறவர் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் நான் கேட்கிற முதல் கேள்வி ஜெயங்கொண்டத்து நிலத்தைப் பற்றியது. 1990-களின் பின்பாதியில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின்நிலையமும் வரப்போகின்றன என்று சொல்லி, டிட்கோ நிறுவனத்துக்காக இந்த ஊரைச் சுற்றி எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் பட்டா நிலத்தை அரசு கையகப்படுத்தியது. சுரங்கம் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. 2022-இல் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதென்று அரசு முடிவெடுத்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டிலும் அந்த முந்திரிக் காடுகளில் கொட்டை பொறுக்கியவர்கள் பெரும்பாலும் அதே குடும்பத்தார்தான். ஆனால் காகிதத்தில் நிலம் அவர்களுடையது இல்லை. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, பயிர்க்கடன் கேட்டால் சிட்டா எங்கே என்பார்கள். பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கக்கூட வழியில்லை.

“1997-இல் நீங்கள் இங்கே எங்கள் அமைப்பின் அட்வகசி பொறுப்பில் இருந்திருந்தால், முதல் மாதம் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

இதற்குச் சரியான விடை என்று ஒன்று என் பையில் இல்லை. வருகிறவரின் மனம் முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கத்தான் கேட்கிறேன். சிலர் உடனே சென்னைக்குப் போய்விடுவார்கள்: உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு, பத்திரிகையாளர் சந்திப்பு, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு விளக்கக் கூட்டம். சிலர் இன்னும் தூரம் போய் லண்டனிலும் ஜெனீவாவிலும் நிற்பார்கள். எல்லாமே ஒரு கட்டத்தில் செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் முதல் மாதத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்த தாள் ஒன்று கிடக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டாருக்குத் தெரியுமா? அந்தத் தாளை நோக்கி நடப்பவரைத்தான் நான் தேடுகிறேன்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், நான் கேட்டு முடித்ததும், “நோட்டீஸ்ல பேர் இல்லாதவங்க யாரு சார்?” என்று திருப்பிக் கேட்டார். எங்கள் குழுவில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நோட்டீஸ் பட்டாதாரருக்கு வரும். அந்தக் காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்குகிற பெண்ணுக்கு வராது. வாய்ப் பேச்சில் குத்தகைக்கு எடுத்தவருக்கு வராது. ஆடு மேய்க்கிறவருக்கு வராது. செத்துப்போன மாமனார் பெயரிலேயே பட்டா கிடக்கிற விதவைக்கு, வந்தும் வராத கதை. இழப்பீடு என்ற பேச்சு எடுத்த நாளிலேயே இவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள். வறுமை ஒழிப்புக்கென்று இருக்கிற ஓர் அமைப்பு முதலில் தேட வேண்டியவர்கள் இவர்கள்தான் என்பது அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

சட்ட நுணுக்கம் இதற்கு அடுத்த படி. அன்று நில எடுப்புக்கு இருந்தது 1894-ஆம் ஆண்டுச் சட்டம். நாலாவது பிரிவில் அறிவிப்பு, 5ஏ பிரிவில் ஆட்சேபணை சொல்ல முப்பது நாள், பிறகு இழப்பீட்டை முடிவு செய்கிற அவார்டு. கொடுக்கிற தொகை போதாது என்று நினைப்பவர், வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி 18-ஆவது பிரிவின் கீழ் கேட்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பணத்தை வாங்கும்போதே ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் வாங்கிவிட்டால் 18-ஆவது பிரிவு அவருக்கு இல்லை. 1984-இல் செய்த திருத்தத்தில் 28ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதே அறிவிப்பில் நிலம் போன இன்னொருவருக்கு நீதிமன்றம் தொகையைக் கூட்டிக் கொடுத்தால், வழக்குப் போடாதவரும் தனக்கும் கூட்டித்தரக் கேட்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் வழக்கில் தீர்ப்பு வந்ததே இவருக்குத் தெரிந்தால்தானே கேட்பதற்கு?

கைநாட்டு வைக்கிற ஒருவர் இழப்பீடு வாங்கக் கவுண்டரில் நிற்கிறார். அவர் விரலை மையில் தொட்டு எடுப்பதற்கு முன்னால் ‘ஆட்சேபத்துடன்’ என்ற சொல் அந்தத் தாளில் ஏறுகிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கிறது. அந்த இடத்தில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும்படி ஏற்பாடு செய்யத் தெரிந்தவரே என் கணக்கில் அட்வகசித் தலைவர். பழைய சட்டம் போய் 2013-ஆம் ஆண்டுப் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு சொல், ஒரு தேதி, ஒரு கவுண்டர் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற கண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்கு இதெல்லாம் எதற்கு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தையல் மிஷினும் போதாதா என்று எங்கள் சபைகளிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் செங்கல்பட்டுக் கதையைச் சொல்வேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூர்ப் பக்கத்திலும் வேலை செய்தார்கள். சேரியில் கஞ்சி ஊற்றுவதும் பாடம் சொல்லித்தருவதும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் குடியிருக்கிற மனைகூடத் தனக்குச் சொந்தமில்லாத ஒருவர், மிராசுதாரர் முகம் சுளித்தால் அன்று மாலையே தெருவில் நிற்க வேண்டியவர் என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள். அதனால் எழுத ஆரம்பித்தார்கள். பத்திரிகைக்கு எழுதினார்கள், அரசுக்கு எழுதினார்கள், அதிகாரிகளைப் பார்த்துப் பேசினார்கள். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர் அல்லாதாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம் அது.

ஆணை வந்ததோடு வேலை முடிந்ததா? நூறு ஆண்டு கழித்து, 1994 அக்டோபரில், அதே செங்கல்பட்டில் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். அரசாணை வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவது நீண்ட வேலை என்பதை இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால் புரியும். இதனால் வேட்பாளரிடம் நான் வெற்றிகளின் பட்டியல் கேட்பதில்லை. “வாங்கிக் கொடுத்த ஆணை ஒன்றைச் சொல்லுங்கள். அஞ்சு வருஷம் கழித்து அது என்ன ஆனது?” என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கே நின்றுவிடுவார்கள்.

வெளிநாட்டில் கிறிஸ்தவ அமைப்புகளின் அட்வகசிக்குப் பெரிய உதாரணம் ஜூபிலி 2000. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் வருகிற யூபிலி ஆண்டை, அடிமைப்பட்டவர் விடுதலையாகி நிலம் உரியவருக்குத் திரும்புகிற அந்த ஆண்டை, மனதில் வைத்து ஏழை நாடுகளின் கடனை ரத்துசெய்யக் கேட்ட இயக்கம். கிறிஸ்டியன் எய்ட் போன்ற அமைப்புகள் அதற்குத் தோள் கொடுத்தன. 1998 மே 16 அன்று பர்மிங்காமில் வல்லரசுத் தலைவர்கள் கூடியபோது எழுபதாயிரம் பேர் கைகோத்து ஊரைச் சுற்றி நின்றார்கள். வேட்பாளர்கள் இதைப் பற்றி நன்றாகவே பேசுவார்கள். நானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் அந்தச் சங்கிலியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தன் சபையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து கடன் கணக்கைப் பொறுமையாக விளக்கியிருப்பார். அப்படி உட்கார்ந்து விளக்குகிறவர் எங்கள் வட்டாரத்தில் யார் என்பதுதான் எனக்குக் கவலை.

விளம்பரம் எழுதும்போதே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. ‘பதினைந்து ஆண்டு அனுபவம், முதுகலைப் பட்டம், சிறந்த ஆங்கிலம்’ என்று போட்டால் ஒரு மாதிரி ஆட்கள் வருவார்கள். திறமைசாலிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியைப் படித்ததும் விலகிப்போகிறவர்களில்தான் எங்களுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உடையார்பாளையம் தாலுகாவில் கொத்தடிமை மீட்பு வழக்கு நடத்திய வக்கீல், பெரம்பலூர் கல்குவாரித் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தவர், ஊராட்சி மன்றத்தில் ஒரு முறை தலைவராக இருந்து கணக்கு வழக்கெல்லாம் அத்துப்படியான பெண், கிராமங்களிலேயே வாழ்நாளைக் கழித்த கன்னியாஸ்திரி. இவர்களுக்கு விளம்பரம் எட்டாது; எட்டினாலும் ‘நமக்கில்லை’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஆகவே ஆள் அனுப்பிக் கேட்கிறோம். பங்குத்தந்தையரிடம், பாஸ்டர்களிடம், மகளிர் குழுக் கூட்டமைப்புகளிடம், கோர்ட் வாசல் டீக்கடையில். ஆங்கிலம் வேண்டும்தான், டெல்லியிலும் வெளிநாட்டிலும் பேச வேண்டிய பதவி இது. ஆனால் நல்ல தமிழில் ஒரு பக்கம் நேராக எழுதத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் ஒரு துணையாளைப் போட்டுவிடலாம். அது இல்லாதவருக்கு எந்தத் துணையாளும் உதவ மாட்டார்.

அந்த ஒரு பக்கத்தைத்தான் இரண்டாம் நாள் சோதிக்கிறோம். முதல் நாள் அலுவலகத்தில் பேச்சு. மறுநாள் காலை ஆண்டிமடம் பக்கம், முந்திரிக் கொட்டை உடைக்கிற குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துப் போகிறோம். வேட்பாளர் கையில் கோப்பு கிடையாது. யாரையும் அறிமுகப்படுத்தி மாலை மரியாதை செய்கிற பழக்கமும் இல்லை. வாசலில் சாக்கு விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொட்டையின் தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் வருஷக்கணக்கில் உடைத்தவர்களின் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகியிருக்கும். ரேஷன் கடை மிஷினில் அந்த விரலை வைத்தால் ரேகை விழாது.

இரண்டு வேட்பாளர்கள் ஒரே வாசலில், வேறு வேறு நாட்களில், ஒரே ஆயாவிடம் பேசியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலாமவர் அனுபவசாலி. அனுமதி கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார்; அன்பாகப் பேசினார். கால்மணி நேரத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது, டிஜிட்டல் விலக்கம் என்று குறிப்பெழுதிக்கொண்டார். இரண்டாமவர் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். “ரேகை விழலன்னா கடைக்காரர் என்ன சொல்றாரு ஆயா?” நாளைக்கு வா என்கிறார். “மறுநாள் போனா?” கைய நல்லாக் கழுவிட்டு வா என்கிறார். “கார்டுல வேற யாரு பேரு இருக்கு?” மகன் பேர். மகன் திருப்பூரில். “ஓடிபி வருமே, அது யாரு போனுக்குப் போகுது?” அதுவும் மகன் போனுக்குத்தான். அவன் ஷிப்டில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டான். எண் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும்.

இப்போது பிரச்சினை முழுசாக வாசலில் கிடக்கிறது. விரல் இங்கே, போன் திருப்பூரில், அரிசி கடையில். ஒரு நாள் கூலி போனால்தான் கடைக்குப் போக முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீர்வும் அதற்குள்ளேயே தெரிகிறது: வர முடியாதவருக்கு இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகாரம் தருகிற ஏற்பாடு உண்டு, ரேகை தேய்ந்த தொழிலாளிக்கு அது கிடைக்கிறதா என்று கேட்கலாம், கருவிழி பதிகிற கருவியைக் கேட்கலாம், இந்தத் தொழில் செய்கிறவர்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து மாவட்ட வழங்கல் அலுவலரிடம் வைக்கலாம். ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று கேட்காதவருக்கு இதில் எதுவும் கிடைத்திருக்காது.

பிறகு எழுத்து. திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிற மாதிரி, ஒரே பக்கம், தமிழில், கையால் எழுத வேண்டும். எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கே படித்துக் காட்ட வேண்டும். இதுதான் எங்கள் தேர்வின் நடுநாயகம். இரண்டாமவர் எழுதியதில் ஓரிடத்தில் ‘பசியால் வாடுகிறேன்’ என்று வந்துவிட்டது. மனு எழுதுகிற கை தானாகவே போய் நிற்கிற வாசகம் அது. ஆயா கையைக் காட்டி நிறுத்தினார்.

“பசியில வாடுறேன்னு நான் சொல்லலியே அம்மா. கொட்டை உடைச்சு நான் சாப்புடுறேன். என் அரிசிய ஏன் எனக்குத் தரமாட்டேங்குறாங்கன்னுதான் கேக்குறேன்.”

அந்தப் பெண் உடனே வரியை அடித்தார். ஆயா சொன்னதையே எழுதினார், ‘என் அரிசி’ என்பது உட்பட. மறுபடி படித்துக் காட்டினார். ஆயா தலையாட்டினார். இதே கட்டத்தில், “அப்படி எழுதினாத்தான் மேல மனசு இறங்கும்மா” என்று சமாதானம் சொன்ன வேட்பாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. அப்படி எழுதிய மனுவுக்குச் சில வேளை சீக்கிரம் பதில் வரத்தான் செய்யும். ஆனால் அதற்கு விலையாக ஆயாவின் உரிமை பிச்சையாக மாறிவிடுகிறது. ஏழைகளுக்காகப் பேசப் போகிறவர் செய்கிற பெரிய கெடுதல் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் போடுவதுதான். எங்கள் தொண்டு நிறுவனங்களின் நன்கொடைக் கடிதங்களில் இது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. மூத்த பதவிக்கு வருகிறவர் அந்த வழக்கத்தை உடைக்கிறவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை, பிடிவாதம் என்றே சொல்லலாம்.

விசுவாசத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைக்கிறோம். லேசாக நினைப்பதால் அல்ல. ஞானஸ்நானச் சான்றிதழும் பாஸ்டர் கடிதமும் எல்லோரிடமும் இருக்கும். நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். வயலையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கியவர்கள், பிள்ளைகளையே அடிமையாக விட வேண்டி வந்தவர்கள், கூக்குரலிடுகிறார்கள். அந்தக் கூக்குரல் வெளியாருக்கு எதிராக இல்லை, தங்கள் சொந்தச் சகோதரருக்கு எதிராகத்தான். நெகேமியா கோபப்படுகிறார், ஆனால் உடனே எழுந்து கத்துவதில்லை, மனதுக்குள் யோசிக்கிறார், பிறகு பெரிய மனிதர்களை நேராகக் கூப்பிட்டுக் கேட்கிறார், சபையைக் கூட்டுகிறார், திருப்பிக் கொடுப்பதாக அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறார். அட்வகசி வேலையின் எல்லாப் படியும் அந்த ஓர் அதிகாரத்தில் இருக்கிறது. வாசித்து முடித்து, “இதில் சொந்தச் சகோதரர் என்பது இன்று யார்?” என்று கேட்போம்.

இங்கேதான் உண்மையான சோதனை. நம் திருச்சபைக்குள்ளேயே சாதி இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்க எழுப்பிய சுவர் எல்லோரும் அறிந்தது. இங்கிருந்து அதிக தூரமில்லாத எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள் எழுந்த சாதி மோதல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. ஒரு பக்கம் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்கிறோம். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கிடைத்தது இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்கிறோம். 2022-இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது, 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நியாயமான கோரிக்கை, நானும் முழு மனதோடு கேட்கிறேன். ஆனால் டெல்லியிடம் இதைக் கேட்கிற வாய், தன் மறைமாவட்டத்திலும் தன் பேராயத்திலும் கல்லறைக்கு ஏன் இரண்டு வழி என்று கேட்குமா? அப்படிக் கேட்டால் அடுத்த மாதம் நம் கூட்டத்துக்குச் சபை மண்டபம் கிடைக்காமல் போகலாம். அதைத் தாங்குவீர்களா என்று வேட்பாளரிடம் முகத்தைப் பார்த்துக் கேட்கிறோம். அதோடு இன்னொன்று: எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அந்த ஆயா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். அவருடைய அரிசிக்காக நிற்பதே விசுவாசத்தின் வேலை, அதற்கு மேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று உள்ளூர நம்புகிறவர் வேண்டும். இதை விளக்க வேண்டியிருந்தால் அந்த ஆள் வேண்டாம்.

சட்டத்தின் வேலியும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்குகிற எந்த அமைப்பும் 2010-ஆம் ஆண்டு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்குள்தான் நடக்க வேண்டும். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. ஓர் அமைப்பு இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றித் தருவது தடையானது. பணம் வருவது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளை வழியாக என்றானது. பெரிய அமைப்பிடமிருந்து வாங்கிக் கிராமத்தில் வேலை செய்துவந்த சின்ன அமைப்புகள் இதில் உடைந்துபோயின. அதற்கும் முன்பே, 2017 மார்ச்சில், கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இந்தியாவில் தன் வேலையை மூடிக்கொண்டு போனது. பயந்து வாயை மூடிக்கொள்கிறவரும் எங்களுக்கு உதவ மாட்டார், சட்டம் தெரியாமல் துணிகிறவரும் உதவ மாட்டார். 2020 மார்ச்சில் இன்சாஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன என்று கேட்பேன். கட்சி அரசியல் நோக்கம் இல்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் பந்த், மறியல் போன்றவற்றை ஆதரிப்பதாலேயே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்திவிட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று ஊழியர்களுக்குத் தெளிவாகச் சொல்ல அந்த ஒரு தீர்ப்பைப் படித்திருந்தாலே பெரிய பலம்.

சம்பளப் பேச்சும் இங்கேதான் வருகிறது. இப்படிப்பட்ட பதவியின் சம்பளம் பெரும்பாலும் நிர்வாகச் செலவுக் கணக்கில்தான் விழும். பெருநகரத்துச் சம்பளத்தை எங்களால் தர முடியாது. தியாகம் செய்யுங்கள் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. கூலிக்காகப் போராடுகிற அமைப்பு தன் ஆளின் கூலியில் கை வைக்கக் கூடாது. உள்ளூரில் திரட்டுகிற பணத்திலிருந்து இந்தப் பதவிக்கு ஒரு பகுதியை ஒதுக்குங்கள் என்று நிர்வாகக் குழுவிடம் விடாமல் கேட்டு வருகிறேன். உள்ளூர்க் காணிக்கையில் சம்பளம் வாங்குகிறவர் உள்ளூர்ச் சபைக்கும் பதில் சொல்வார், அதுவும் நல்லதுதான்.

பரிந்துரைக் கடிதங்களை நான் அதிகம் நம்புவதில்லை. பழைய மேலதிகாரி நல்லதாகத்தான் எழுதுவார். அதற்குப் பதில் வேட்பாளரோடு மல்லுக்கு நின்ற தாலுகா அலுவலக எழுத்தர் யார் என்று கண்டுபிடித்துப் பேசுவேன். “பேசவே முடியாதுங்க, ஆனா சொன்ன பேச்சு மாறமாட்டாரு” என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். அவர் போய்வந்த ஜீப்பின் டிரைவரிடமும் பேசுவேன். அவருக்குக் கீழே வேலை செய்த பெண் ஊழியர்களிடம் கட்டாயம் பேசுவேன், தனியாக, அவர்கள் விரும்பிய இடத்தில்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு பணி ஆணையில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லி வாங்கியிருக்கிறேன். ஆட்சியரையோ அமைச்சரையோ சந்திக்கப் போகும்போது பாதிக்கப்பட்டவர் ஒருவராவது உடன் வர வேண்டும், முதலில் பேசுவது அவராக இருக்க வேண்டும். இது வருகிறவருக்கான நிபந்தனை. மற்றது எங்களுக்கானது. சிமென்ட் ஆலைப் பக்கத்திலிருந்தோ கட்சி ஆபீஸிலிருந்தோ, பேராயர் இல்லத்திலிருந்தே ஆனாலும் சரி, “உங்க ஆளைக் கொஞ்சம் அடக்கி வையுங்க” என்று போன் வந்தால், அந்தப் போனை நிர்வாகக் குழுத் தலைவர் தானே எடுத்துப் பதில் சொல்வார், ஊழியரிடம் தள்ளிவிட மாட்டார். அதன் கீழே தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வேட்பாளரிடம் கையெழுத்துக் கேட்கிறோம்.